ஜெபத்துக்கு வர மறுக்கும் மகன்: அம்மாவின் வளர்ப்பில் குறையா?

பெரம்பூர்_அம்மா
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். மனசு பாரமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். என் மகனுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. ஜூன் மாதத்திலிருந்து ஓய்வுநாள் பள்ளிக்கு (சண்டே ஸ்கூல்) வர மாட்டேன் என்கிறான். வீட்டில் இரவு எட்டரைக்குக் குடும்ப ஜெபம். வந்து உட்காருவான், ஆனால் பைபிளைத் திறக்க மாட்டான். போன வாரம், "எனக்கு நம்பிக்கை வரலைம்மா. வந்த மாதிரி நடிக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டான். அன்று இரவு முழுக்கத் தூக்கமில்லை.

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் இதைச் சொன்னேன். மூத்த அக்கா ஒருவர் எல்லோர் முன்னாலும், "தாய் முழங்காலில் நின்றால் பிள்ளை ஏன் இப்படிப் போகிறான்?" என்றார். எனக்குச் சிறுசேரியில் வேலை. காலை ஆறரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு எட்டு. கம்பெனி பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு அவனுக்காகத்தான் ஜெபிக்கிறேன். அது முழங்கால் கணக்கில் வராதா? கட்டாயப்படுத்துவதா, விட்டுவிடுவதா? தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.

ராயபுரம்_தாத்தா
மகளே, உன்னை எல்லோர் முன்னாலும் அப்படிப் பேசியது தப்பு. ஆனால் விட்டுவிடாதே. 14 வயதுப் பையனைக் கேட்டா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறோம்? கணக்குப் பிடிக்கவில்லை என்றால் டியூஷன் வைக்கிறோம். ஜெபம் மட்டும் அவன் இஷ்டமா?

என் அப்பா மெதடிஸ்ட், அம்மா ஆங்கிலிக்கன். 1947 செப்டம்பரில் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் சபைகள் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை ஆனபோதுதான் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒரே சபைக்காரர்கள் ஆனார்கள். வீட்டில் சட்டம் ஒன்றுதான்: ஜெபம் முடியாமல் சாப்பாட்டுத் தட்டு வராது. ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னாவைப் பற்றி அப்பா அடிக்கடி சொல்வார். 19 பிள்ளைகள் பெற்று, அதில் பாதிப் பேரைச் சிறுவயதிலேயே அடக்கம் செய்தவர். பிள்ளையின் பிடிவாதத்தைச் சின்ன வயதிலேயே அடக்க வேண்டும் என்பதில் அவர் தளரவே இல்லை. அப்படி வளர்ந்த பிள்ளையிடமிருந்துதான் மெதடிஸ்ட் சபை வந்தது. "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து" என்று நீதிமொழிகளில் இருக்கிறது. நடத்து என்றுதான் இருக்கிறது, கேட்டுப் பார் என்று இல்லை.

தாம்பரம்_டீச்சர்
ஐயா, உங்கள் வயதுக்கும் அனுபவத்துக்கும் மரியாதை. ஆனால் சூசன்னாவின் பாதியைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். அவர் வாரத்தில் ஆளுக்கு ஒரு மாலை என்று ஒதுக்கி, ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாக உட்கார்ந்து பேசினார். ஜானுக்கு வியாழக்கிழமை. அவர் வளர்ந்து ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோது அந்த வியாழன் மாலை நேரத்தை நினைத்து, அதில் கொஞ்சம் இப்போதும் எனக்குக் கொடுங்கள் என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். கண்டிப்பு இருந்தது, உண்மை. ஆனால் மகன் திரும்பக் கேட்டது கண்டிப்பை இல்லை.

நான் 22 வருஷமாக ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறேன், பெரிய பிள்ளைகள் வகுப்பு. மனப்பாட வசனப் போட்டியில் வருஷா வருஷம் பரிசு வாங்கி, திடப்படுத்தல் ஆராதனை (பிள்ளைகள் தாங்களே விசுவாசத்தை அறிக்கையிடும் ஆராதனை) முடிந்த மறுமாதமே காணாமல் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எதிர்க்கேள்வி கேட்டவன் இன்று பாடகர் குழுவில் நிற்கிறான். எல்லாப் பிள்ளையும் அப்படி ஆவதில்லை, தெரியும். ஆனால் இந்த வயதில் என்ன கேட்கிறார்கள் தெரியுமா? "பக்கத்து பெஞ்ச் ஃபிரெண்ட் நல்லவன், அவன் இயேசுவைக் கும்பிடவில்லை, அவனுக்கு என்ன ஆகும் மிஸ்?" இந்தக் கேள்விக்குப் பிரம்பா பதில்?

பெரம்பூர் சிஸ்டர், ஒன்று மட்டும் நினைத்துப் பாருங்கள். நம் ஊரிலேயே சின்னமலையும் பரங்கிமலையும் சாந்தோமும் இருக்கின்றன. எல்லாம் தோமாவின் பெயரில். இயேசு உயிர்த்தெழுந்ததை, அவர் தழும்பைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று சொன்ன சீஷர் அவர். மற்ற சீஷர்கள் அவரை வெளியே தள்ளவில்லை. எட்டு நாள் கழித்து இயேசு வந்தபோது தோமா அதே வீட்டுக்குள் அவர்களோடுதான் இருந்தார் என்று யோவான் எழுதுகிறார். அந்த எட்டு நாளும் நம்பாமலே கூட உட்கார்ந்திருக்கிறார். உங்கள் மகனும் எட்டரைக்கு வந்து உட்காருகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பைபிளைத் திறக்காவிட்டால் என்ன?

ராயபுரம்_தாத்தா
அதைத்தானே அம்மா நானும் சொல்கிறேன்! தோமா அந்த வீட்டுக்குள் இருந்ததால்தான் பார்த்தார். வெளியே கடைத்தெருவில் இருந்திருந்தால்? அதனால்தான் உட்கார வை என்கிறேன்.

தாம்பரம்_டீச்சர்
தோமா தானாக வந்து உட்கார்ந்தார் ஐயா. நம்பவில்லை என்று வாய்விட்டுச் சொன்ன பிறகும் வர முடிந்தது. அவமானப்படுத்தியிருந்தால் வந்திருப்பாரா?

சாந்தோம்வாசி
நான் கத்தோலிக்கப் பெண், இடையில் பேசுவதற்கு மன்னியுங்கள். எங்கள் பங்கில் பிள்ளைகளுக்காக ஜெபிக்கும் தாய்மார் எல்லோருக்கும் புனித மோனிக்கா என்றால் உயிர். ஆனால் அவர் கதையைக் கண்ணீர்க் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிடுகிறோம்.

பின்னாளில் புனிதரான மகன் அகுஸ்தீன் 19 வயதில் மானி என்பவரின் மதத்தில் சேர்ந்ததும், மோனிக்கா அவரை வீட்டில் சேர்த்து ஒரே மேசையில் சாப்பிட விடவில்லை. ராயபுரம் ஐயா சொல்கிற அதே கண்டிப்பு. அப்புறம் ஒரு கனவு கண்டு மனம் மாறி, மறுபடி சேர்த்துக்கொண்டார். ஓர் ஆயரிடம் போய், என் மகனோடு வாதாடி அவனைத் திருத்துங்கள் என்று கெஞ்சினார். ஆயர் மறுத்துவிட்டார். இப்போது சொன்னால் ஏறாது, விட்டுவிடு, ஜெபம் மட்டும் செய், படித்துப் படித்து அவனே கண்டுகொள்வான் என்றார். அந்த ஆயரும் சிறுவயதில் அதே மதத்தில் வளர்ந்து, தானாக யோசித்து வெளியே வந்தவர். மோனிக்கா விடாமல் அழுதபோதுதான், இவ்வளவு கண்ணீரின் மகன் கெட்டுப்போக முடியாது என்றார். 387-இல் மிலானில் அகுஸ்தீன் திருமுழுக்குப் பெற்றபோது அவருக்கு 32 வயது. மோனிக்கா அதே வருஷம் இறந்துபோனார்.

19-லிருந்து 32 வரை எண்ணிப் பாருங்கள். அந்த வருஷங்களில் ஏதோ ஒரு நாளில் யாராவது மோனிக்காவைப் பார்த்து, உன் வளர்ப்பு சரியில்லை என்று சொல்லியிருந்தால் அது சரியான பேச்சாக இருந்திருக்குமா? பெரம்பூர் தங்கச்சி, பஸ்ஸில் செய்கிற ஜெபமும் ஜெபம்தான். நான் அடையாறு சிக்னலில் ஜெபமாலை சொல்கிறவள்.

அண்ணாநகர்_அப்பா
இவ்வளவு பேர் எழுதிவிட்டோம், ஒருவர்கூட அந்தப் பையனின் அப்பா எங்கே என்று கேட்கவில்லையே? எபேசியர் 6:4 "பிதாக்களே" என்றுதான் தொடங்குகிறது. பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல் கர்த்தருக்கேற்ற சிட்சையிலும் போதனையிலும் வளர்க்கச் சொல்லியிருப்பது நம்மிடம். ஞானஸ்நானத்தின்போது பிள்ளைக்காக வாக்குக் கொடுத்தவர்களில் ஞானப் பெற்றோரும் உண்டு. ஆனால் பிள்ளை தவறினால் விரல் அம்மாவை நோக்கி மட்டும் நீளுகிறது.

என் வீட்டிலும் ஜெபத்தை மனைவிதான் நடத்தினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமென் சொல்வேன், அவ்வளவுதான். என் மகள், "அப்பா, நீங்க தனியா எப்பவாவது ஜெபம் பண்ணுவீங்களா?" என்று ஒருநாள் கேட்டாள். பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகுதான் நான் வாசிக்கத் தொடங்கினேன்.

ராயபுரம்_தாத்தா
இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். எனக்கு மூன்று பிள்ளைகள். இரண்டு பேர் கோயிலுக்குப் போகிறார்கள். நடுப்பையன் கல்லூரி முடித்ததிலிருந்து போவதில்லை. அவனைத்தான் அதிகமாக அடித்தேன். வசனம் தப்பாகச் சொன்னால் அடி.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அவன் முடிச்சூரில் மாடியில் மாட்டிக்கொண்டான். கீழ்வீடு முழுக்கத் தண்ணீர். போன் கிடைத்த இரண்டு நிமிஷத்தில், "அப்பா, 91-ஆம் சங்கீதம் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றான். நான் ஊட்டியது உள்ளே இருக்கிறது என்று அன்றைக்கு அழுதேன். அதனால்தான் உட்கார வை என்று இவ்வளவு பிடிவாதமாகச் சொன்னேன். இப்போதும் சொல்வேன், வார்த்தையைச் சின்ன வயதில் உள்ளே போட வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் டீச்சரம்மா, அடித்திருக்க வேண்டாம். அது இல்லாமலும் அந்தச் சங்கீதம் அவனுக்குள் நின்றிருக்கும்.

தாம்பரம்_டீச்சர்
ஐயா, இதை உங்கள் மகனிடம் சொன்னீர்களா?

ராயபுரம்_தாத்தா
இல்லையம்மா. இன்னும் இல்லை.

பெரம்பூர்_அம்மா
எல்லாவற்றையும் படித்தேன். அண்ணாநகர் பிரதர் எழுதியதை என் கணவரிடம் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. ஆனால் நேற்று எட்டரைக்கு அவர்தான் பைபிளை எடுத்து வாசித்தார், கல்யாணமாகி 16 வருஷத்தில் முதல் தடவை. மகனிடம், "நீ ஜெபிக்க வேண்டாம், உட்கார்ந்தால் போதும், கேட்க ஏதாவது இருந்தால் கேள்" என்றேன்.

ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாட்டிக்காக நாற்பது நாள் உபவாசம் இருந்தீங்களே, அப்புறம் ஏன் செத்துப்போனாங்க?" என்று கேட்டான். என் அம்மா போன வருஷம் மார்ச்சில் புற்றுநோயில் போனார்கள். அவன் பாட்டி மடியில் வளர்ந்த பிள்ளை. ஜூனில் இது தொடங்கியது என்று எழுதினேனே, எனக்கு அதற்கு முந்தின வருஷம் நினைவுக்கே வரவில்லை. "எனக்கும் அதே கேள்விதான்டா" என்று மட்டும் சொன்னேன். இரண்டு பேரும் அழுதோம்.

ராயபுரம் ஐயா, உட்கார வைப்பதை நான் விடவில்லை. ஞாயிறு ஆராதனைக்கு வருகிறேன் என்கிறான், ஓய்வுநாள் பள்ளிக்கு இப்போதைக்கு வேண்டாம் என்கிறான். சரி என்றுவிட்டேன். தாம்பரம் டீச்சர், ஒரு சனிக்கிழமை அவனை உங்களிடம் அழைத்து வரலாமா? அவனுக்குக் கேட்க இன்னும் நிறைய இருக்கிறது. தனிமடல் அனுப்புகிறேன்.