பள்ளி இடம் மாறுகிறது, சேர்க்கை எல்லையும் மாறுகிறது: கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எதைக் கேட்பது?

கேள்வி – இரு பிள்ளைகளின் தாய்

வணக்கம். எங்கள் பகுதியின் தொடக்கப் பள்ளிக் கட்டடம் பழுதடைந்துவிட்டதால், புதிய குடியிருப்புகள் பெருகிவரும் மறுபக்கத்தில் பள்ளியைக் கட்டப்போவதாகக் கல்வி நிர்வாகம் அறிவித்திருக்கிறது. அத்துடன், எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் சேர வேண்டும் என்ற எல்லையையும் மாற்றி, மூன்று வரைபடங்களை வெளியிட்டுக் கருத்துக் கேட்கிறது. மூன்றிலுமே எங்கள் தெரு வேறு பள்ளிக்குப் போகிறது. மூத்தவள் நான்காம் வகுப்பில் படிக்கிறாள். இளையவன் அடுத்த ஆண்டு சேர வேண்டியவன். அக்கம்பக்கத்தார் இரண்டு அணிகளாகப் பிரிந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தயங்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். என் பிள்ளைகளுக்காக மட்டும் பேசினால் அது இன்னொரு தெருப் பிள்ளைகளின் மேல் சுமையைத் தள்ளுவதாகிவிடுமோ என்று அஞ்சுகிறேன். இந்த வரைபடங்களை எந்த அளவுகோலைக் கொண்டு மதிப்பிடுவது?

பதில் 1 – பள்ளித் திட்டமிடலில் பணியாற்றியவர்

அம்மா, பள்ளியை எங்கே கட்டுவது, எல்லையை எங்கே வரைவது என்ற இரண்டும் தனித்தனி முடிவுகள். இரண்டையும் ஒரே கூட்டத்தில் வைத்தால், எல்லையைப் பற்றிய சண்டையில் இடத்தைப் பற்றிய கேள்வி அடிபட்டுப் போகும். எல்லையைச் சில ஆண்டுகளில் திருத்திவிடலாம்; கட்டிய கட்டடத்தை நகர்த்த முடியாது. எனவே இடத்தைத் தேர்ந்த காரணத்தையே முதலில் கேளுங்கள்.

அடுத்தது தூரம். வரைபடத்தில் நேர்கோட்டில் அளந்த தூரமும் குழந்தை நடக்கும் தூரமும் ஒன்றல்ல. நடுவில் ஒரு ரயில் பாதையோ ஆறுவழிச் சாலையோ இருந்தால் அரை கிலோமீட்டர் இரண்டு கிலோமீட்டராகிவிடும். இந்தியாவின் 2009 கல்வி உரிமைச் சட்டத்துக்கான மாதிரி விதிகள், ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டர், எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டர் நடைதூரத்துக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. வெள்ளம், நிலச்சரிவு, சாலையின்மை போன்ற ஆபத்து வழியில் இருந்தால் அந்தத் தூரத்தையும் குறைக்க வேண்டும் என்பது அவ்விதிகளிலேயே உண்டு. இங்கிலாந்தில் இலவசப் போக்குவரத்துக்கான தகுதித் தூரத்தை, எட்டு வயதுக்குட்பட்டோருக்கு 2 மைல், அதற்கு மேற்பட்டோருக்கு 3 மைல் என வைத்து, ஒரு பிள்ளை பெரியவர் துணையுடன் ஓரளவு பாதுகாப்பாக நடக்கக்கூடிய மிகக் குறுகிய பாதையைக் கொண்டு அளக்கிறார்கள். உங்கள் மூன்று வரைபடங்களிலும் எந்தத் தூரம் அளக்கப்பட்டது என்று கேட்டாலே பாதி விவாதம் தெளிவடையும்.

கடைசியாக, எந்த வரைபடமும் அருகாமை, இடவசதி, நிலைத்தன்மை, பலதரப்பட்ட பிள்ளைகளும் கலந்து படிப்பது என்ற நான்கையும் ஒருசேர நிறைவேற்றாது. எதற்கு முதலிடம் கொடுத்தோம் என்பதை நிர்வாகம் வரைபடத்தை வெளியிடும் முன்பே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். கோட்டை வரைந்துவிட்டுப் பிறகு காரணம் தேடினால் எந்தக் கோட்டையும் நியாயப்படுத்திவிடலாம்.

பதில் 2 – ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் பிள்ளைகளின் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லைக்கோட்டைவிட, மாற்றம் எப்போது, எப்படி நடக்கிறது என்ற கால அட்டவணைதான் முக்கியம். சிகாகோவில் 2013இல் ஏறத்தாழ 50 பள்ளிகள் ஒரே நேரத்தில் மூடப்பட்டன. அந்நகரப் பள்ளி மூடல்களை ஆராய்ந்தவர்கள் கண்டது என்னவென்றால், பிள்ளைகளின் படிப்பு பின்தங்கியது புதிய பள்ளிக்குப் போன பின்பு மட்டுமல்ல, மூடப்போகிறோம் என்று அறிவித்த அந்த ஆண்டிலேயே. என் பணிக்காலத்தில் பள்ளி இடம் மாறிய ஓர் ஆண்டில் இதையே கண்ணால் பார்த்தேன்: ஆசிரியர்கள் வேறிடம் தேடினார்கள், பிள்ளைகள் இந்தப் பள்ளி இனி நமக்கில்லை என்ற எண்ணத்திலேயே வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே முடிவை இழுத்தடிப்பதும் ஒரு தீங்குதான்.

நீங்கள் வற்புறுத்த வேண்டியது படிப்படியான நடைமுறை. புதிய எல்லை முதல் வகுப்பில் சேர்பவர்களுக்கு மட்டும் பொருந்தட்டும். ஏற்கெனவே படிப்பவர்கள் அந்தப் பள்ளியோடு புதிய கட்டடத்துக்குப் போய் அங்கேயே முடிக்கட்டும். அவர்களுடைய தம்பி தங்கைகளுக்கும் அங்கே முன்னுரிமை இருக்கட்டும். உங்கள் மகளைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. இதைக் கேட்பது சுயநலமாகாது, ஏனென்றால் இந்த ஏற்பாடு எல்லாத் தெருக்களுக்கும் ஒன்றுபோலப் பயன்படும். இன்னொன்றையும் பாருங்கள்: புதிய எல்லை ஒரு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளில் நான்கைந்து பேரை மட்டும் பிரித்து வேறு நடுநிலைப் பள்ளிக்கு அனுப்புகிறதா? அப்படிச் சிறு குழுவாகப் பிரிந்து போகும் பிள்ளைகள்தான் மிகவும் தனித்துப்போகிறார்கள்.

பதில் 3 – எல்லைக்கு அருகில் வீடு வாங்கியவர்

எங்களைப் போன்றவர்களைப் பேராசைக்காரர்களாகப் பார்க்க வேண்டாம். இந்தப் பள்ளியை நம்பித்தான் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு வாங்கினோம். பொருளியலாளர் சாண்ட்ரா பிளாக், பாஸ்டனின் புறநகர்களில் எல்லைக்கோட்டின் இருபுறமும் அடுத்தடுத்து இருந்த வீடுகளை ஒப்பிட்டு 1999இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடினால் பெற்றோர் வீட்டுக்கு ஏறத்தாழ 2.5 சதவீதம் கூடுதலாகத் தரத் தயாராக இருந்தார்கள் என்று காட்டினார். கோடு நகரும்போது அந்த மதிப்பும் நகர்கிறது. நிலைத்தன்மை வேண்டும் என்று நாங்கள் கேட்பதில் என்ன தவறு?

பதில் 1-இன் மறுமொழி

உங்கள் கவலை உண்மையானது, ஐயா. ஆனால் எல்லைக்கோடு வீட்டோடு சேர்த்து விற்கப்பட்ட சொத்தல்ல. இருக்கைகளைப் பங்கிடுவதற்கான நிர்வாக ஏற்பாடு. அதைச் சொத்தாகக் கருதினால், வாடகைக்கு இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு எந்த உரிமையும் இல்லை என்றாகிவிடும். வீட்டு விலைக்கும் பள்ளிக்கும் உள்ள இந்தப் பிணைப்பைத் தளர்த்தத்தான் இங்கிலாந்தின் பிரைட்டனில் 2008 முதல், இடத்துக்கு மேல் விண்ணப்பங்கள் வந்த மேல்நிலைப் பள்ளிகளில் வீட்டுத் தூரத்தைப் பார்த்து இடம் தருவதை விட்டு, ஒவ்வொரு பள்ளியின் சேர்க்கை எல்லைக்குள்ளும் குலுக்கல் முறையைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் சியாட்டில் நகரப் பள்ளிகள் தொடர்பான வழக்கில் 2007இல், மாணவர்களைத் தனித்தனியே இனம் பார்த்துப் பள்ளிகளுக்கு ஒதுக்கிய முறையை ஏற்கவில்லை. ஆயினும் அந்தத் தீர்ப்பின் பெரும்பான்மைக்குத் தேவையான ஐந்தாவது வாக்கை அளித்த நீதிபதி கென்னடி, புதிய பள்ளிக்கான இடத்தைத் தேர்வதிலும் எல்லை வரைவதிலும் வட்டாரங்களின் மக்கள் அமைப்பைக் கருத்தில் கொள்ளலாம் என்று தனியே எழுதினார். பிள்ளைகள் யாரோடு சேர்ந்து படிப்பார்கள் என்பதைத் தீர்மானிக்கும் வலிமை கட்டடத்தின் இடத்துக்கும் எல்லைக்கும் உண்டு என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். மாலை வேலை காரணமாகக் கூட்டத்துக்கு வர முடியாத குடும்பங்கள் எந்தத் தெருக்களில் வசிக்கின்றன, மூன்று வரைபடங்களிலும் மிக நீண்ட நடை அவர்களுக்குத்தான் விழுகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை மகளையும் அழைத்துக்கொண்டு, எங்கள் வீட்டிலிருந்தும், பெருஞ்சாலைக்கு அப்பால் உள்ள குடியிருப்பிலிருந்தும், ஒவ்வொரு வரைபடமும் காட்டும் பள்ளி இடங்களுக்கு நடந்து பார்த்தேன். எங்களுக்கு எந்த வரைபடத்திலும் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. அந்தக் குடியிருப்பிலிருந்து இரண்டாம் வரைபடத்தின்படி நடந்தால் நாற்பது நிமிடங்கள். அதிலும் நடைபாதையே இல்லாத ஒரு பாலத்தைக் கடக்க வேண்டியிருந்தது. அங்கே இருப்பவர்களில் ஒருவர்கூட இதுவரை கூட்டங்களில் பேசியதில்லை. கூட்டத்தில் எனக்குக் கிடைக்கும் மூன்று நிமிடங்களில் முதலில் அந்தப் பாலத்தைப் பற்றியும், பிறகு ஏற்கெனவே படிப்பவர்களுக்கான ஏற்பாட்டைப் பற்றியும் பேசுவதாக இருக்கிறேன். தலைமையாசிரியர் ஐயாவிடம் ஒரு கேள்வி: உடன்பிறந்தோர் முன்னுரிமை, மூத்த பிள்ளை படிப்பை முடித்து வெளியேறிய பிறகும் இளைய பிள்ளைக்குத் தொடருமா, அல்லது அதையும் எழுத்தில் தரும்படி இப்போதே கேட்க வேண்டுமா?