கலைச்சொல்: டவுன்லேண்ட் – நகர்நிலமா, காணியா, ஊர்ப்புலமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

அயர்லாந்துக் குடும்ப வரலாறு தேடுவோருக்கான தொடரில் 'டவுன்லேண்ட்' வரும் இடமெல்லாம் என்ன எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். நேற்றைய மடலிலிருந்து:

> 'நகர்நிலம்' போதும். சொல்லுக்குச் சொல் சரி, வாசகருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். எல்லை வகுத்துப் பெயரிட்ட சிறு நிலப்பரப்புதான் டவுன்லேண்ட். அயர்லாந்துத் தீவில் இவை 60,000-க்கு மேல் உண்டு. பெரும்பாலானவை சில நூறு ஏக்கர் அளவுதான். சதுப்பும் கரடும் மட்டுமே கொண்டு, ஒரு வீடுகூட இல்லாதவையும் இருக்கின்றன. அந்தப் பெயரில் உள்ள 'டவுன்' பழைய ஆங்கிலத்தில் வேலியடைத்த இடத்தைக் குறித்த சொல். நகரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஐரிஷ் மொழியில் இது 'பால்ய ஃபாரின்'. 'பால்ய' என்றால் ஊர், மனையிடம் (பாலிமீனா போன்ற பெயர்களின் முன்பாதி அதுதான்). பின்சொல் நிலம்.

ஒரு நிலத்துண்டின் பெயருக்கு இத்தனை விவாதமா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். தேடல் முழுவதும் இந்தப் பெயரில்தான் தொங்குகிறது. 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்ச காலத்தில் அயர்லாந்திலிருந்து அமெரிக்கா போனவர்களின் கப்பல் பட்டியலில் பிறப்பிடம் பெரும்பாலும் 'அயர்லாந்து' என்று மட்டும் இருக்கும். அமெரிக்கக் குடிக்கணக்கிலும் அவ்வளவுதான். பேட்ரிக் மர்ஃபி என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தீவையே சலிக்க முடியாது. ஆகவே முதல் வேலை, அமெரிக்கப் பக்கத்து ஆவணங்களில் டவுன்லேண்டின் பெயரைப் பிடிப்பது. கல்லறைக் கல்லில் அது பொறித்திருக்கலாம். பாஸ்டனின் 'பைலட்' இதழ் 1831 முதல் 1921 வரை, காணாமல்போன உறவினரைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டது. அவற்றில் பிறந்த இடம் நுணுக்கமாகக் குறிக்கப்பட்டிருப்பதுண்டு. எனக்கு மிகவும் பிடித்த மூலம் வேறு. 1850-இல் நியூயார்க்கில் தொடங்கிய எமிக்ரன்ட் சேமிப்பு வங்கி, பணம் எடுக்க வருபவர் கணக்குக்கு உரியவர்தானா என்று சோதிப்பதற்காகப் பிறந்த இடம், வந்த கப்பல், பெற்றோர், உடன்பிறந்தோர் என்று கேட்டுக் கேட்டு எழுதி வைத்தது. அந்தப் பேரேடுகள் நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன. பாதிரியாரிடமும் அரசாங்கத்திடமும் சொல்லாததை வங்கிக் குமாஸ்தாவிடம் சொல்லியிருக்கிறார்கள்!

பெயர் கிடைத்த பிறகு அயர்லாந்துப் பக்கம். 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான குடிக்கணக்குகளில் பெரும்பகுதி அதில் போயிற்று. 1861, 1871 கணக்குகளை அரசே முன்னதாக அழித்துவிட்டது. 1881, 1891 இரண்டும் முதல் உலகப் போரின்போது காகிதக் கூழாயின. எனவே 1922-க்கு முந்தைய குடிக்கணக்குகளில் முழுமையாக எஞ்சியவை 1901, 1911 மட்டுமே. தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டுவது, 1847–1864 காலத்தில் ரிச்சர்ட் கிரிஃபித் நடத்திய நிலவரி மதிப்பீடு. இதில் குடியிருந்தவர் பெயரும், அவருக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் பெயரும் இருக்கும், பிள்ளைகளின் பெயர்கள் இராது. இவை எல்லாவற்றின் அடுக்குமுறையிலும் கடைசிப் படி டவுன்லேண்ட்தான்.

இனி, இதுவரை வந்த பரிந்துரைகள்.

> யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு காணிக்கும் உறுதியில் (நிலப் பத்திரத்தில்) பெயர் உண்டு. 'காணி' என்றே சொல்லலாமே?

ஐயா, பெயர் உள்ள நிலம் என்ற அளவில் இதுதான் மிக அருகில் வருகிறது. தோம்பு (பழைய நிலப் பதிவேடு) பார்த்துப் பழகியவர்களுக்கு டவுன்லேண்டை விளக்கவே வேண்டாம். ஆனால் காணி என்றதும் உரிமை வந்துவிடுகிறது, 'யாருடைய காணி' என்று மனம் கேட்கும். டவுன்லேண்டுக்குள் பல குத்தகைக்காரர்கள் இருப்பார்கள். தமிழ்நாட்டிலோ காணி ஓர் அளவும்கூட. 'குறிச்சி', 'உட்கிடை' இரண்டும் ஆள் குடியிருக்கும் இடத்தைச் சொல்பவை. பல ஊர்கள் அடங்கிய பிரிவான 'பற்று' அளவில் மிகப் பெரியது.

அம்மா ஒருவர் முன்வைத்த 'புலம்' (நிலம்) எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. சிக்கல் ஒன்றுதான்: டவுன்லேண்டின் பெயரைப் 'புலப்பெயர்' என்று எழுதினால், புலம்பெயர்ந்தோர் பற்றிய தொடரில் அதைப் பாதிப் பேர் 'புலம்பெயர்' என்றே வாசிப்பார்கள். மெய்ப்புத் திருத்துபவர் 'திருத்தியும்' விடுவார்.

ஆகவே 'ஊர்ப்புலம்' என்று முன்மொழிகிறேன். ஐரிஷ் சொல்லின் இரு பாதிகளுக்கும் நேராக நிற்கிறது. 'ஊர்ப்புலப் பட்டியல்', 'ஊர்ப்புல எல்லை' என்று தடையின்றிக் கூட்டுச் சொற்களும் வரும். ஆளில்லாத இடத்தை ஊர் என்பதா என்று கேட்கலாம். நம் வருவாய்ப் பதிவேடுகளிலும் குடியில்லாத கிராமங்கள் உண்டு, யாரும் அவற்றின் பெயரை அடிக்கவில்லை.

ஒலிபெயர்ப்பே போதும் என்பவர்களுக்கும் இடம் வைப்போம். முதல் முறை வரும்போது அடைப்புக்குள் 'டவுன்லேண்ட்' என்று போட்டுவிடலாம். ஆனால் தனித்தனி ஊர்ப்புலங்களின் பெயர்களை மொழிபெயர்க்கவே கூடாது. 'கில்மோர்' என்ற பெயரில் பல இடங்கள் உண்டு. ஓரிடத்தில் அது பெரிய கோயில், இன்னோரிடத்தில் பெரிய காடு. 1830-களில் நில அளவைத் துறைக்காக ஜான் ஓடோனவன் போன்றோர் ஊர் ஊராகப் போய்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் நிலைப்படுத்தியதற்கு முன் எழுத்துக்கூட்டலும் ஆளுக்கு ஒன்றாக இருந்தது. ஐயம் வந்தால் லொகானிம் இடப்பெயர்த் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூடவே ஒன்று. 'பாரிஷ்' என்பதற்குக் கத்தோலிக்க மரபில் 'பங்கு' ஏற்கெனவே நிலைத்திருக்கிறது. ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளுக்கு அதையே வைப்போம்; 2015 முதல் அயர்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் தருபவை இந்தப் பங்குப் பதிவேடுகளே. நில மதிப்பீட்டில் வரும் நிர்வாகப் பிரிவான 'சிவில் பாரிஷ்' வேறு, அதன் எல்லைகள் கத்தோலிக்கப் பங்கின் எல்லைகளோடு ஒத்துப்போவதில்லை. அதற்குக் 'குடிமைப் பங்கு' என்று தற்காலிகமாக எழுதி வருகிறேன், எனக்கே நிறைவில்லை. அதைவிடப் பெரிய பழைய நிலப்பிரிவான 'பாரனி'க்கு ஒலிபெயர்ப்பைத் தவிர எதுவும் தோன்றவில்லை. கூற்றம், நாடு என்று சோழர் காலத்துக்குப் போக விரும்புபவர்கள் தனி இழை தொடங்கவும். இந்த இழையில் ஊர்ப்புலத்துக்கு மறுப்பு இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்