கடையில காட்டுற க்ளவுன் மீன் ஜோடிய வாங்கலாமா, இல்ல சின்னதா வாங்கி நாமளே ஜோடி சேக்கலாமா?

உப்புத்தண்ணி:
வணக்கம் மக்களே. சென்னைல இருக்கேன், 3 அடி கடல் தண்ணி டேங்க், சுமாரா 200 லிட்டர், ஓட ஆரம்பிச்சு 14 மாசம் ஆச்சு. உள்ள ஆசிலாரிஸ்ங்கற இனத்துல ஒரே ஒரு க்ளவுன் இருக்கு, ரெண்டு இஞ்சுக்கு கொஞ்சம் மேல, தனியா ராஜா மாதிரி சுத்திட்டு இருக்கான். அவனுக்கு ஒரு ஜோடி சேத்து முட்டை எடுக்கணும்னு ஆசை. கடைக்கு போனா அந்த அண்ணன் பெருசா ரெண்டு மீனை காட்டி, இது பாண்டட் பேர், ஏற்கனவே ஜோடி சேந்தது தம்பி அடுத்த மாசமே முட்டை போட்டுடும்னு சொல்றாரு, ஆனா ரெண்டும் அச்சுல வார்த்த மாதிரி ஒரே சைஸ், விலை கேட்டா தல சுத்துது. பக்கத்து டேங்க்ல ஒரு இஞ்ச் குட்டிங்க இருக்கு, ஹேச்சரில, அதாவது பண்ணைல பொறந்ததாம். இதுல ஆண் எது பெண் எதுன்னு எப்டி பாத்து எடுக்கறது?

ரீஃப்பைத்தியம்:
ப்ரோ ஒரே சைஸ்னு சொன்னீங்கல்ல, அங்கயே நின்னுடுங்க. க்ளவுன்ல ஆண் பெண் பாத்து வாங்குற வேலையே கிடையாது. எல்லா குட்டியும் பால் முடிவாகாமதான் வளருது, கூட்டத்துல எது பெருசா ரவுடியா இருக்கோ அது பெண்ணா மாறும், அதுக்கு அடுத்தது ஆண், மத்ததெல்லாம் வளராம அப்டியே சின்னதா நிக்கும். பெண் செத்துப்போனா ஆண் பெண்ணா மாறிக்கும், ஆனா பெண்ணா ஆனது திரும்ப ஆணா வரவே வராது. அதனால செட்டான ஜோடின்னா பெண் பளிச்சுனு பெருசா தெரியணும், பக்கத்துல ஆண் பொடிசா இருக்கணும். உங்க ராஜா இவ்ளோ நாள் தனியா இருந்ததால ராணியாயிருக்கவே வாய்ப்பு அதிகம் 😄 அதனால அந்த குட்டில ஒண்ணு எடுங்க, இருக்குறதுலயே பொடியனா பாத்து.

மீன்வாசம்:
மேல ப்ரோ சொன்னது நூத்துக்கு நூறு. நான் இதுல சூடு பட்டவன், ரெண்டு வருசம் முன்னாடி ஒரு கடையில இதே மாதிரி ஒரே சைஸ் "ஜோடி" வாங்கிட்டு வந்தேன், மூணாவது நாள் காலைல பாத்தா ஒண்ணு வால் துடுப்பு முழுக்க கிழிஞ்சு ஃபில்டர் பக்கம் செத்து கெடந்துச்சு, ரெண்டுமே பெண்ணுன்னு அப்பறம்தான் புரிஞ்சது, காசு போனது கூட பரவால்ல அந்த மீன பாக்கவே பாவமா இருந்துச்சு. இப்ப நீங்க குட்டி வாங்குனாலும் நேரா உள்ள விட்டுடாதீங்க, ஓட்ட போட்ட ப்ரீடிங் பாக்ஸ்ல போட்டு அதே டேங்க்ல ஒரு வாரம் தொங்க விடுங்க, பெருசு வந்து பாக்ஸ முட்டி முட்டி பாக்கும், வேகம் அடங்குனதும் ராத்திரி லைட் ஆஃப் பண்ணிட்டு தொறந்து விடுங்க. கொஞ்சம் தொரத்துறது சகஜம். வாயும் வாயும் கவ்விட்டு விடாம சண்ட போட்டாலோ குட்டி ஒரு மூலைலயே ஒதுங்கி சாப்புடாம நின்னாலோ உடனே பிரிச்சிடுங்க.

பாம்பன்காத்து:
தம்பி, ஒண்ணு விட்டுப்போச்சு. முதல்ல ரெண்டும் ஒரே இனமான்னு பாருங்க. ஆசிலாரிஸும் பெர்குலாங்கற இன்னொரு க்ளவுன் இனமும் பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், பெர்குலாவுக்கு வெள்ளக் கோட்ட சுத்தி கறுப்பு பொதுவா தடிப்பா இருக்கும், முதுகுத் துடுப்புல முள் பொதுவா 10, ஆசிலாரிஸுக்கு 11. கலந்தா குஞ்சு வரும், ஆனா அதை என்னன்னு சொல்லி விப்பீங்க? மெரூன் க்ளவுன்னு இன்னொரு இனம் இருக்கு, அது பக்கம் போகவே போகாதீங்க, அது சேராட்டி கொன்னே போட்டுடும்.

ஹேச்சரி மீன்னு சொன்னா சந்தோசமா வாங்குங்க. மண்டபத்துல சிஎம்எஃப்ஆர்ஐ (மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம்), பரங்கிப்பேட்டைல அண்ணாமலைப் பல்கலை கடல் உயிரியல் மையம் ரெண்டுலயும் க்ளவுன் குஞ்சு எடுத்திருக்காங்க, அதனால நம்ம ஊர்ல நடக்காத காரியம் ஒண்ணும் இல்ல. கடல்ல புடிச்சதுக்கு ப்ரூக்லினெல்லான்னு ஒரு ஒட்டுண்ணி வியாதி வர வாய்ப்பு ஜாஸ்தி, ஒடம்பு பூரா கோழ மாதிரி படிஞ்சு ரெண்டு மூணு நாள்ல மீன் கத முடிஞ்சிடும். எதுவா இருந்தாலும் தனி டேங்க்ல நாலு வாரம் வச்சு பாத்துட்டு விடுங்க. வாங்கும்போது கடைக்காரர தீனி போட சொல்லுங்க, செவுள் மூடி குட்டையா மடங்கி இருக்கா, தாடை கோணலா இருக்கான்னு பாருங்க, ஹேச்சரி மீன்ல இந்த ஊனம் வரும், அதோட குஞ்சு எடுக்க வேணாம்.

உப்புத்தண்ணி:
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். பொடியன் ஒருத்தன வாங்கி நாலு வாரம் தனியா வச்சு, அப்பறம் பாக்ஸ்ல ஒரு வாரம் வச்சு நேத்து ராத்திரிதான் தொறந்து விட்டேன். ஒரு சந்தேகம், பெருசு கிட்ட வந்தா குட்டி சாஞ்சு படுத்துட்டு வலிப்பு வந்த மாதிரி நடுங்குது. வியாதியா? பயமா இருக்கு.

மீன்வாசம்:
வியாதி இல்ல ப்ரோ, பார்ட்டி வைங்க! நீதான் பெரியவ, நான் அடங்கிட்டேன்னு சொல்றான். அந்த நடுக்கம்தான் நாம பாக்க வேண்டிய முதல் அறிகுறி. ராத்திரி ரெண்டும் ஒரே எடத்துல தூங்குதான்னு பாருங்க.

பாம்பன்காத்து:
இனி பொறுமைதான், குட்டி வளர்ந்து தயாராக ஒரு வருசம் கூட ஆகலாம். கடல்ல க்ளவுன் குடியிருக்குற அனிமோன் கட்டாயம் இல்ல, அது தூங்குற எடத்துக்கு பக்கத்துல ஒரு மண் சட்டிய சாச்சு வைங்க, போதும். தண்ணி 26லேர்ந்து 28 டிகிரி, சென்னை வெயில்ல தண்ணிய குளுராக்குற சில்லர் இல்லாம மே மாசம் கஷ்டம். முட்டை ஆரஞ்சு கலர்ல இருக்கும், ஆண்தான் வாயாலயும் துடுப்பாலயும் விசிறி காவல் காக்கும், ஒரு வாரம் பத்து நாள்ல கண்ணு வெள்ளியா மின்னும், அன்னிக்கு லைட் ஆஃப் ஆனதும் பொரிக்கும். முதல் ரெண்டு மூணு தடவ அதுங்களே தின்னுடும், மனசு ஒடஞ்சிடாதீங்க. குஞ்சுக்கு முதல் தீனி ரோட்டிஃபர்ங்கற கண்ணுக்கு தெரியாத பொடி உயிரி, அதுக்கு பச்சத் தண்ணி, அதாவது நுண்பாசி வளத்த தண்ணி வேணும், ஆர்ட்டீமியாங்கற குட்டி எறால் மாதிரி உயிரி அதுக்கப்பறம்தான். முட்டைய பாத்துட்டு ரோட்டிஃபர் தேடி அலையாதீங்க, இப்பவே ஒரு பக்கெட்ல வளக்க ஆரம்பிச்சு, அது செத்தாலும் திரும்ப திரும்ப போட்டு பழகுங்க, எனக்கு நாலு தடவ கல்ச்சர் மொத்தமா செத்து க்ராஷ் ஆச்சு.

உப்புத்தண்ணி:
சூப்பர்ணா. மாடில செடி வச்சிருந்த மண் தொட்டி ஒண்ணு ஒடஞ்சு கெடக்கு, கழுவிட்டு அதையே வைக்கலாமா?

பாம்பன்காத்து:
உரம் ஊறுன தொட்டி வேணாம் தம்பி. பெயின்ட் அடிக்காத புது தொட்டியா வாங்கி ரெண்டு நாள் நல்ல தண்ணில ஊற வச்சு போடுங்க.