கருத்தரங்கில் ஆங்கிலத்தில் ஆய்வுரை: எங்கே சறுக்குகிறது? (அனுபவப் பகிர்வு)

15 நிமிட அமர்வு என்றால் பேச்சுக்கு 12, கேள்விக்கு 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 110 சொல் வேகத்தில் கையிலிருப்பது சுமார் 1,300 சொற்கள். ஆய்வேட்டின் ஐந்து அத்தியாயமும் அதில் அடங்காது. ஒரு கேள்வி, ஒரு முறை, இரண்டு முடிவு, அவ்வளவுதான். "ரெஸ்பெக்டெட் சேர்பர்சன், டிக்னிடரிஸ் ஆன் த டயஸ்" என்று தொடங்கி கல்லூரி முதல்வர் வரை நன்றி சொன்னால் ஒரு நிமிடம் காலி. நம் கல்லூரி மேடையில் அது மரியாதை; பன்னாட்டு அமர்வில் அப்படி யாரும் எதிர்பார்ப்பதில்லை. நன்றி கடைசி ஸ்லைடில் இருக்கட்டும்.

ஒத்திகையில் 6ஆவது நிமிடம் எந்த ஸ்லைடில் நிற்கிறீர்கள் என்று குறித்துவையுங்கள். மேடையில் பின்தங்கினால் எதைத் தாண்டுவது என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பவர்பாயிண்டில் ஸ்லைடின் எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் நேரே அங்கே போகும். சரசரவென்று பத்து ஸ்லைடைப் புரட்டிக் காட்டுவது பார்க்கவே பரிதாபம்.

மறுமொழி:
நேரக் கணக்கு சரி. உச்சரிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'மெத்தடு', 'ரிசல்ட்டு' என்று கடைசியில் உகரம் ஒட்டுவது தமிழ் வாய்க்கு இயல்பு. அதனால் பெரிதாக எதுவும் கெடாது. கெடுப்பது சொல்லழுத்தம். 'பராமீட்டர்' என்று 'மீ'யில் ஊன்றினால் கேட்பவர் ஒரு கணம் தடுமாறுவார். ஊன்ற வேண்டியது இரண்டாவது அசையான 'ரா'வில். 'டெவலப்'பில் அழுத்தம் 'வெ'யில். 'டிடர்மைன்' அல்ல, 'டிடர்மின்'. 'அனலைஸ்' முதல் அசை, 'அனாலிசிஸ்' இரண்டாவது, 'அனலிட்டிகல்' மூன்றாவது: ஒரே குடும்பம்தான், மூன்று இடம்! 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' குழப்பம் வரும் இடத்தில் 'ஒன் ஃபைவ்' என்று ஒருமுறை சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ஆய்வில் அடிக்கடி வரும் 20 சொற்களை எடுத்து, கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் ஒலியைக் கேட்டு, ஊன்ற வேண்டிய அசைக்கு அடியில் கோடிடுங்கள். முழு உரையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒரு சொல் மறந்தால் மொத்தமும் நின்றுவிடும். முதல் மூன்று வாக்கியமும் கடைசி இரண்டும் மனப்பாடமாக இருந்தால் போதும்.

மறுமொழி:
வரைபடம் வந்ததும் "ஆஸ் யூ கேன் சீ" என்று ஓடாதீர்கள், யாரும் இன்னும் பார்த்திருக்க மாட்டார்கள். கிடைமட்ட அச்சு எது, அலகு என்ன, பிறகு செங்குத்து அச்சு, ஒரு புள்ளி எதைக் குறிக்கிறது, பிழைக்கோடு (புள்ளியின் மேலும் கீழும் நீளும் சிறு கோடு) காட்டுவது திட்டவிலக்கமா (தரவின் பரவல்) திட்டப்பிழையா (சராசரியின் நிச்சயமின்மை). இவ்வளவும் சொன்ன பிறகே முடிவு. அரை நிமிடம்கூட ஆகாது. எக்செல் தானாகப் போடும் அச்சு எழுத்து கடைசி வரிசைக்குத் தெரியாது. எழுத்தளவை 18 பாயிண்டுக்குக் கீழே குறைக்காதீர்கள். சிவப்பு, பச்சைக் கோடுகளை அருகருகே போட்டால் நிறக்குறைபாடு உள்ள பலருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் தெரியும். நீலமும் ஆரஞ்சும் போடலாம். லேசர் பிடிக்கும்போது முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தால் புள்ளி ஆடாது.

மறுமொழி:
கேள்வி நேரத்தை விட்டுவிட்டீர்களே. புரியாத கேள்விக்குத் தலையாட்டிவிட்டு வேறெதற்கோ பதில் சொல்வதுதான் அதிகம் நடக்கும் விபத்து. வெறுமனே 'சாரி?' என்றால் அதே வாக்கியம் அதே வேகத்தில்தான் திரும்ப வரும். எது விடுபட்டதோ அதைக் கேளுங்கள்: "டிட் யூ ஆஸ்க் அபவுட் த சாம்பிள் சைஸ், ஆர் த செலக்ஷன்?" ஒரே சொல்லில் பதில் வந்துவிடும். தரவு இல்லையா, "வி டிடின்ட் டெஸ்ட் தட்" என்று நிறுத்துங்கள். சுற்றி வளைத்தால் அடுத்த கேள்வி நிச்சயம்.

அடுத்தவர் உரைக்குக் கேள்வி கேட்கும்போது "ஐ ஹேவ் எ டவுட்" வேண்டாம். நமக்கு அது சந்தேகம் கேட்பது. அவர் காதில் 'நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை' என்று விழும்.

நன்றி ஸ்லைடுக்குப் பின்னால் மூன்று ஸ்லைடு ஒளித்துவையுங்கள்: மாதிரி விவரம், சமன்பாடு, இடமில்லாமல் விட்ட வரைபடம். அவற்றின் எண்களை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி மடிக்கணினி ஓரத்தில் ஒட்டிவிட்டால், முதல் பதிவில் சொன்ன என்டர் வித்தை இங்கேயும் உதவும்.