ஜப்பானிய மாணவியர் கதைகளின் ‘எஸ்’: தமிழில் என்ன சொல்வது?

வெ. க. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். முதுகலை ஒப்பிலக்கியத் தாளுக்காக, ஜப்பானியச் சிறுமியர் இலக்கியம் பற்றிய பாடம் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

மாகாணந்தோறும் பெண்களுக்கு உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்று 1899-இல் ஜப்பான் அரசு ஆணையிட்டது. அந்தப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் ஒரு வழக்கம் வளர்ந்தது. மேல்வகுப்பு மாணவி ஒருத்தியும் கீழ்வகுப்பு மாணவி ஒருத்தியும் இணை சேர்வார்கள். இளையவள் மூத்தவளை ‘ஒனே-சமா’ என்பாள். நம் ‘அக்கா’தான், கூடுதல் மரியாதையோடு. கடிதம், பூ, பொறாமை, கண்ணீர் எல்லாம் உண்டு. படிப்பு முடிந்து கல்யாணம் ஆனால் தானே அடங்கிவிடும் என்று பெரியவர்கள் கண்டும் காணாமல் இருந்தார்கள். இந்த உறவுக்குப் பெயர் ‘எஸ்’. சிஸ்டர் என்பதன் முதலெழுத்து என்பார்கள். 1916 முதல் யொஷியா நொபுகோ எழுதிய ‘மலர்க் கதைகள்’ இதற்கு இலக்கிய உருவம் தந்தன. இன்றைய மங்கா என்னும் ஜப்பானியச் சித்திரக்கதைகள் வரை அந்த மரபு நீள்கிறது.

மூலநூல் இதை ‘இளம்பெண்களின் களங்கமற்ற காதல்’ என்று விளக்குகிறது. நட்பு என்றால் பொருள் குறைகிறது. காதல் என்றால் பாடத்திட்டக் குழு கையெழுத்திடாது. வழி சொல்லுங்கள்.

ந. மு. எழுதியது:

அம்மையீர், இதற்கா தவிப்பது? தலைவியைச் சூழ்ந்த மகளிர் கூட்டத்துக்கு ‘ஆயம்’ என்று பெயர். நட்பைக் குறிக்கும் ‘கேண்மை’ சேர்த்தால் ‘ஆயக்கேண்மை’. முடிந்தது.

இன்னொன்றும் தோன்றுகிறது. இவ்வகைக் கதைகளை ஜப்பானியர் இப்போது ‘யுரி’ என்கிறார்களாம், லில்லி மலர். இதை ‘அல்லி’ என்று பெயர்க்கும் பிழையை இக்குழுவிலேயே பார்த்திருக்கிறேன். அல்லி நீர்ப்பூ, ஆம்பல். லில்லியோ நிலத்துப் பூ. தாவரவியலார் வகுப்பில் அதற்கு நம்மூரில் நெருங்கிய உறவு செங்காந்தள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கும்போது முதலில் வைப்பது எது? ‘ஒண்செங் காந்தள்’. அடுத்தது? ‘ஆம்பல்’! நாம் குழப்பிக்கொள்ளும் இரண்டையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். அந்தப் பூக்களைப் பறித்துக் குவிப்பவர்கள் யார்? தலைவியும் தோழியரும். அதைச் சொல்பவள் யார்? தோழி. ஆகவே ‘காந்தட்கேண்மை’ என்பதையும் பரிசீலிக்கலாம். காந்தள் என்ற சொல்லின் வேர் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.

சு. இரா. எழுதியது:

ஐயா, நாளை வேண்டாம். நீங்கள் சொல்லும் செங்காந்தளை உழவர் கண்வலிக்கிழங்கு என்பார்கள். கிழங்கு கடும் நஞ்சு. மாநில மலர் என்பதால் பாடநூலுக்குப் பொருத்தம் என்று வேண்டுமானால் வாதாடலாம்.

‘ஆயக்கேண்மை’யும் உதவாது. அரசுப் பலகைகளில் ‘மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை’ என்று படித்து வளர்ந்த மாணவருக்கு ‘ஆயம்’ என்றதும் சாராய வரிதான் நினைவுக்கு வரும். இலக்கணம் சரி என்பதற்காகக் கலைச்சொல் ஓடிவிடாது.

என் முன்மொழிவு ‘உடன்பிறவாச் சகோதரி உறவு’. யாருக்கும் உரை தேவையில்லை.

வெ. க. எழுதியது:

சு. இரா. சார், தமிழ்நாட்டு அரசியலில் அந்தத் தொடர் பட்ட பாட்டுக்குப் பிறகுமா? வகுப்பில் சிரிப்பு அடங்கவே அரைமணி ஆகும்.

பேராசிரியர் ஐயாவுக்கு: ஆயம் கூட்டம், எஸ் இருவருக்கு மட்டுமே உரியது. கவபத்தா யசுனாரியின் பெயரில் 1937-38-இல் தொடராக வந்து, நகஸாதோ த்சுனெகோவின் கைப்படியிலிருந்து உருவான ‘கன்னியர் துறைமுகம்’ நாவலில், யோகோஹாமா மிஷன் பள்ளிக்குப் புதிதாக வந்த பெண்ணுக்கு மேல்வகுப்பு மாணவியர் இருவர் கடிதம் கொடுக்கிறார்கள். கதையே அந்த இழுபறிதான். கூட்டத்தில் எல்லாரும் எல்லாருக்கும் தோழி என்றால் இழுபறிக்கு இடமேது?

‘யுரி’யும் இங்கே காலவழு. அந்தச் சொல் 1976-இல்தான் புறப்பட்டது. தன்பாலீர்ப்புள்ள ஆண்களுக்கான ஓர் இதழின் ஆசிரியர் இதோ புங்காகு தம் வாசகியரை ‘யுரி குலம்’ என்று அழைத்தார். மலர்க் கதைகள் வந்து அறுபது ஆண்டு கழித்து.

ந. மு. எழுதியது:

ஆயத்தை விட்டுவிடுகிறேன். கேண்மையை விடமாட்டேன். நீங்கள் நட்புக்கும் காதலுக்கும் நடுவே வேலி போட்டுக்கொண்டு, வேலிமேல் உட்காரும் சொல்லைத் தேடுகிறீர்கள். சங்கப் புலவரிடம் அந்த வேலி இல்லை. ‘நிலத்தினும் பெரிதே’ என்ற குறுந்தொகைப் பாட்டில் தலைவி தன் காதலை என்னவென்று சொல்கிறாள்? ‘நாடனொடு நட்பே’. நற்றிணையின் முதற்பாட்டில் தலைவனின் காதல் ‘புரையோர் கேண்மை’. அதே கேண்மை அரசனுக்கும் புலவனுக்கும் இடையிலும் வரும். ‘புணர்ச்சி பழகுதல் வேண்டா’ என்ற குறளுக்குப் பிசிராந்தையாரையும் கோப்பெருஞ்சோழனையும் காட்டுவார்கள். பார்க்காமலே பழகி, சோழன் வடக்கிருந்தபோது தானும் உடன் உயிர் துறக்க வந்த பாண்டிநாட்டுக்காரரின் உறவுக்கு எந்தப் பாடத்திட்டக் குழுவும் தலைப்பு கேட்கவில்லை.

தெ. எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மங்கா வாசகி என்ற முறையில் ஒரு கேள்வி. ‘களங்கமற்ற’ என்ற அடைமொழியைப் பற்றி ஏன் யாருமே பேசவில்லை? இது களங்கமற்றது என்றால் எது களங்கம்? இந்தப் பெண்கள் பள்ளி முடிந்தும் பிரியாமல் இருந்திருந்தால் அது களங்கமா? யொஷியா நொபுகோ அப்படித்தான் வாழ்ந்தார். மொன்மா சியோவோடு ஏறக்குறைய ஐம்பது ஆண்டு. இருவரும் மணம்செய்ய அன்றைய சட்டத்தில் வழியில்லை. 1957-இல் சியோவைத் தம் மகளாகத் தத்தெடுத்துச் சட்டப்படி ஒரே குடும்பமானார். ‘கேண்மை’ என்று அழகாகச் சொல்லி இதை மூடிவிடக் கூடாது. 2022-இல் தமிழ்நாடு அரசே பால்புதுமையர் (LGBTQIA+) தொடர்பான சொற்பட்டியலை வெளியிட்டுவிட்டது. பல்கலைக்கழகம் மட்டும் ஏன் கூச்சப்படுகிறது?

சு. இரா. எழுதியது:

தெ. சொல்வதில் பாதி நியாயம். ஆசிரியரின் வாழ்க்கை வேறு, கதைவகையின் பெயர் வேறு. எஸ் கதையில் பிரிவு முன்பே எழுதப்பட்டிருக்கும். வாசகி அதற்காகத்தான் அழுகிறாள். பிற்காலத்துச் சொல்லை அதன்மேல் ஏற்றினால் யுரி விஷயத்தில் பேராசிரியரை மடக்கிய அதே காலவழு திரும்பி வரும்.

பேசாமல் ‘எஸ்’ என்றே வைத்துவிடலாமே? ஜப்பானியர் ஆங்கில எழுத்தைக் கடன் வாங்கினார்கள். 1998-இல் இந்த மரபைப் புதுப்பித்த கொன்னோ ஒயுகியின் ‘மரியா பார்த்துக்கொண்டிருக்கிறாள்’ தொடரிலோ அக்காவும் தங்கையும், சகோதரியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லால் ‘ஸர்’ (soeur) ஆகிறார்கள். ஜெபமாலை கொடுத்து உறவு ஏற்கிறார்கள். அந்த அந்நிய வாசனைதான் அதன் கவர்ச்சி. அதைத் துடைத்துவிட்டுச் சங்கத் தமிழ் பூசினால் எஸ் எங்கே இருக்கும்?

ந. மு. எழுதியது:

கிரந்த எழுத்தில் கலைச்சொல்லா? தேவையென்றால் ‘எசு’ என்க.

தெ. எழுதியது:

‘எசு உறவு’ என்று அச்சிட்டால் கால் விட்டுப்போய்விட்டது என்று மெய்ப்பு பார்ப்பவர் ‘ஏசு உறவு’ ஆக்கிவிடுவார். மிஷன் பள்ளி என்பதால் யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள்.

வெ. க. எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இன்று இரவு கோப்பை அனுப்பியாக வேண்டும். முதல் வருகையில் ‘எஸ் கேண்மை’, பிறகு வெறும் ‘எஸ்’. குழுவில் பலரும் களைத்துப்போய் இதற்குத் தலையாட்டிவிட்டதாகத் தனிமடல்களிலிருந்து தெரிகிறது. ‘களங்கமற்ற’ என்ற சொல்லை வெட்டிவிட்டு, ‘பள்ளி நாள்களுக்கு மட்டும் என்று பெரியவர்கள் எண்ணிய’ என்று போட்டிருக்கிறேன். மூலத்தை மீறியதாகக் கேள்வி வந்தால் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

தெ. எழுதியது:

வெட்டியதற்கு நன்றி. மொன்மா சியோவின் பெயர் அடிக்குறிப்பிலாவது வரட்டும். ‘தோழி’ என்று குறிப்பிட்டுவிடாதீர்கள்.

ந. மு. எழுதியது:

‘கேண்மை’ ஏற்கிறேன், ‘எஸ்’ ஏற்கவில்லை என்பதைப் பதிவு செய்க. வேற்றெழுத்தில் முடியும் நிலைமொழியோடு வருமொழிக் ககரம் எப்படிப் புணரும்? எஸ்க்கேண்மையா, எஸ் கேண்மையா? நன்னூலில் விதி இல்லை. காந்தள் கட்டுரையைத் தனி இழையில் இடுகிறேன்.