வீட்டுப் பட்டறைக்கு மேசை லேத்: நீளம் பார்ப்பதா, எடை பார்ப்பதா?

கேள்வி

வணக்கம். வீட்டில் ஒரு சின்ன அறையைப் பட்டறையாக்கி வைத்திருக்கிறேன். வைஸ், அரம், ஒரு டிரில்லிங் மெஷின், இவ்வளவுதான் சொத்து. இவற்றை வைத்தே ஒரு குட்டி நீராவி என்ஜின் மாடல் செய்ய ஆரம்பித்து, ஃபிளைவீலில் வந்து நின்றுவிட்டேன். 75 மி.மீ. வார்ப்பிரும்பு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அரம் போட்டும் வட்டம் வரவில்லை. இனி லேத் (பொருளைச் சுழலவிட்டு டூலால் கடையும் மெஷின்) இல்லாமல் முடியாது.

மூன்று மனதில் இருக்கின்றன. முதலாவது 7×14 (அங்குலக் கணக்கு, 14 என்பது நீளம்) என்கிற சின்ன ரகம், 40 கிலோ சொச்சம். அதிலேயே 16 அங்குல நீளம் உள்ளதும் கிடைக்கிறது, மனம் அதன் பக்கம்தான் சாய்கிறது. இரண்டாவது 210 மி.மீ. ஸ்விங் (சுழலக்கூடிய அதிகபட்ச விட்டம்), பிரஷ் இல்லாத மோட்டார், 80 கிலோ. மூன்றாவது, தெரிந்தவர் ஒருவர் விற்கும் பழைய லேத். கனமானது, த்ரீ பேஸ் மோட்டார். எதை எடுக்கலாம்?

பதில் 1

நீளத்தை விடுங்கள், எடையைப் பாருங்கள். நான் தொடங்கியது அந்த 40 கிலோ லேத்தில்தான், அதனால் அதன் குணம் நன்றாகத் தெரியும்.

7 அங்குலம் என்பது பெட்டுக்கு (லேத்தின் அடித்தளத் தண்டவாளம்) மேலே சுழலக்கூடிய விட்டம், அதாவது 178 மி.மீ. டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடுக்கு மேலே அது ஏறக்குறைய 110 தான். உங்கள் 75 மி.மீ. சக்கரம் தாராளமாக உட்காரும். இடம் போதும், சிக்கல் வேறு இடத்தில்.

வார்ப்பிரும்பின் மேல்தோல் கடினமானது, மணலும் ஒட்டியிருக்கும். முதல் வெட்டே அந்தத் தோலுக்குக் கீழே போக வேண்டும். மேலோட்டமாகச் சுரண்டினால் டூல் முனைதான் தேயும். ஆழமாக வெட்ட மெஷின் அசையாமல் நிற்க வேண்டும். அப்புறம் வேகம். ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலுக்கு நிமிடத்துக்கு 20 மீட்டர் என்று வைத்தால், 75 மி.மீ. விட்டத்துக்குக் கணக்கு 85 சுற்று வருகிறது. சின்ன டி.சி. மோட்டார் அந்த வேகத்தில் திணறும். கியரை 'லோ'வில் போட்டால் கொஞ்சம் தேவலை. அந்த கியர் பிளாஸ்டிக்கா இரும்பா என்று கட்டாயம் கேளுங்கள். டூல் மாட்டி நின்றுவிட்டால் முதலில் பல் போவது பிளாஸ்டிக்குக்குத்தான்.

என் லேத்தில் 20 மி.மீ. இரும்புக் கம்பியைத் துண்டிக்கப் போனேன். டூல் தொட்டதும் கீச்சென்று ஒரு சத்தம், வெட்டின முகம் முழுக்க அலை அலையாகக் கோடு. கொஞ்சம் அழுத்தியதும் கம்பி டூல்மேல் ஏறி, பிளேடு முறிந்தது. டூல் முனை கம்பியின் மையத்துக்கு நேராக இருக்கிறதா என்று சரிபார்த்தேன், டூலைத் தீட்டினேன், ஸ்லைடின் ஆட்டத்தைக் குறைக்கும் கிப் பட்டையின் திருகுகளை இறுக்கினேன். சத்தம் குறைந்தது, நிற்கவில்லை. கடைசியில் டூல் போஸ்ட்டுக்கு (டூலைப் பிடிக்கும் பாகம்) அடியில் இருக்கும் காம்பவுண்ட் ஸ்லைடையே கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு கெட்டி இரும்புக் கட்டையை வைத்து அதன்மேல் டூல் போஸ்ட்டைப் பொருத்தினேன். அதே கம்பி, அதே பிளேடு: சுருள் சுருளாக அமைதியாக வந்து விழுந்தது. எது வளைந்துகொண்டிருந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. உங்களுக்கு என் ஓட்டு இரண்டாவதுக்கு.

அப்புறம், இருக்கிற பணத்தை முழுக்க மெஷினிலேயே போட்டுவிடாதீர்கள். நான்கு தாடை சக் (பொருளைப் பிடித்துச் சுழற்றும் பிடி), ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ், எதிர்முனையில் இருக்கும் டெயில் ஸ்டாக்குக்கு டிரில் சக், துளை பெரிதாக்கும் டூல், இதெல்லாம் சேர்ந்தால்தான் லேத். உங்கள் சக்கரத்துக்கு நான்கு தாடை சக் கண்டிப்பாக வேண்டும். வார்ப்பு ஒருபோதும் சரியான வட்டமாக இருக்காது. விளிம்பையும் நடுத்துளையையும் ஒரே பிடியில், கழற்றாமல் முடியுங்கள். கழற்றி மாட்டினால் சக்கரம் ஆடும்.

பதில் 2

பழையதை உடனே தள்ள வேண்டாம். நல்ல நிலையில் இருந்தால் எந்தப் புது மேசை லேத்தும் அதற்கு ஈடாகாது. போய்ப் பார்க்கும்போது சேடிலை (டூலைச் சுமந்து பெட்டின்மேல் நகரும் பாகம்) சக் பக்கம் கொண்டுவந்து, ஆட்டம் இல்லாமல் கிப்பை இறுக்குங்கள். அப்படியே டெயில் ஸ்டாக் பக்கம் நகர்த்துங்கள். அங்கே போய் இறுகி நின்றால், சக் பக்கம் பெட் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். வேலை நடப்பதெல்லாம் அந்தப் பக்கம்தானே.

சக்கில் ஒரு தடித்த கம்பியைப் பிடித்து மேலும் கீழும் நெம்பி டயல் கேஜ் முள்ளைப் பாருங்கள், பேரிங் தெரிந்துவிடும். மரை வெட்டும் கியர்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். மோட்டார் பெரிய கவலை இல்லை. வீட்டு மின்சாரத்தில் ஓட வி.எஃப்.டி. (சிங்கிள் பேஸை த்ரீ பேஸாக்கித் தரும் பெட்டி) போடலாம், ஆனால் மோட்டார் இணைப்பை அதற்கு ஏற்றபடி மாற்ற முடியுமா என்று எலக்ட்ரீசியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் 3

எது வாங்கினாலும் சரி, சக் சாவியைச் சக்கிலேயே விட்டுக் கையை எடுக்காதீர்கள். ஒரு நொடிக்குக்கூட வேண்டாம். கையுறையும் முழுக்கைச் சட்டையும் லேத் பக்கம் வரவே கூடாது. வார்ப்பிரும்பு வெட்டும்போது பெட்டின்மேல் ஒரு காகிதம் போட்டு மூடுங்கள். அந்தக் கறுப்புத் தூள் எண்ணெயோடு சேர்ந்து பெட்டை அரித்துவிடும்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று சாயந்திரம் பழையதைப் போய்ப் பார்த்தேன். சேடிலைச் சக் பக்கம் இறுக்கிவிட்டு நகர்த்தினேன். பாதி தூரம்கூடப் போகவில்லை, கல் மாதிரி நின்றுவிட்டது. கியரிலும் மூன்று குறைகிறது. மனசே இல்லாமல்தான் திரும்பி வந்தேன், அவ்வளவு அழகான மெஷின்.

80 கிலோ லேத்தையே சொல்லிவிட்டேன், நான்கு தாடை சக்கோடு. 'லோ' கியர் இரும்புதானா என்று கேட்டுத்தான் சொன்னேன். இப்போது மேசைக்குக் குறுக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருக்கிறேன். தூக்கி வைக்க அண்ணனும் இன்னொருவரும் வருகிறார்கள்.