மெஷின் இங்கே ஓடும், அங்கே நடக்கும்: ‘ரன்’ என்ற சொல்லை ஸ்பானிஷில் சொன்ன அனுபவங்கள்

திருப்பூர், பின்னலாடை மெர்ச்சண்டைசர்:

எல்லோருக்கும் வணக்கமுங்க. பெருமாநல்லூர் ரோட்டில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் வேலை செய்கிறேன். எங்களிடம் வாங்குகிற பையர்கள் ஸ்பெயினிலும் சிலியிலும் மெக்சிகோவிலும் இருக்கிறார்கள். உடையின் அளவு, துணி, தையல் விவரம் எல்லாம் சொல்கிற டெக் பேக் ஆங்கிலத்தில்தான் வரும். ஆனால் லேபிள் வாசகமும் சில மெயில்களும் ஸ்பானிஷில் போக வேண்டும். மூன்று வருடமாக ராத்திரி ஆன்லைன் வகுப்பில் படித்து, இப்போது நானே எழுதிவிடுகிறேன். இத்தனை நாளில் என்னை அதிகம் தடுக்கிவிட்ட சொல் ஆங்கிலத்து ‘ரன்’. சின்ன வகுப்பிலேயே படித்த சொல். ஓடு, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் இந்த ஒரு வினைக்கு மட்டும் 645 பொருள் பிரித்திருக்கிறார்கள் என்று 2011-இல் செய்தி வந்தது. அப்போது படித்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

சிலிக்குப் போகிற குழந்தைகள் டி-ஷர்ட் ஒன்று. மொத்தமாகத் தைப்பதற்கு முன்னால் அனுப்புகிற பிபி சாம்பிளைப் பார்த்துவிட்டு ‘ரன்ஸ் ஸ்மால்’ என்று ஃபிட் கமெண்ட் எழுதியிருந்தார்கள். அளவு கொஞ்சம் சின்னதாக இருக்கிறது, வாங்குகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி ஒரு குறிப்புப் போடுங்கள் என்பது சேதி. நான் ‘கொர்ரே பெகேஞோ’ என்று எழுதி அனுப்பினேன். கொர்ரேர் என்றால் ஓடுவது, பெகேஞோ என்றால் சின்னது. மறுநாள் அங்கிருந்து மரியாதையாக ஒரு பதில் வந்தது: இது ஓட்டப் பயிற்சிக்குப் போடுகிற உடையா, அப்படியென்றால் துணியே வேறாக இருக்க வேண்டுமே என்று கேட்டிருந்தார்கள்.

உட்கார்ந்து தேடினேன். ஸ்பெயினில் ‘தாயா பெகேஞோ’ என்பார்கள். தாயா என்றால் சைஸ். அந்தச் சைஸையே வினையாக்கி வைத்திருக்கிறார்கள். தென் அமெரிக்கப் பக்கம் ‘வியேனே சிக்கோ’. வியேனே என்றால் வருகிறது. அதாவது ‘சின்னதா வருது’. இதைப் பார்த்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் கட்டிங் மாஸ்டர் அந்தச் சாம்பிளைக் கையில் எடுத்தவுடனே சொன்னது, “சைஸ் சின்னதா வருதுங்க்கா” என்பதுதான். எனக்கு வேண்டிய வினை அவர் வாயிலேயே இருந்தது. நான் அதை விட்டுவிட்டு ஆங்கில வினையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது சாயம். ஆங்கிலத்தில் சாயம் ‘ரன்’ ஆகும். நமக்குச் சாயம் போகும், இறங்கும், ஒட்டும். ஸ்பானிஷில் ‘தெஸ்தெஞிர்’ என்று தனி வினை இருக்கிறது (நம் ஞ அதற்கு அப்படியே பொருந்துகிறது, வேறு எழுத்துத் தேட வேண்டியதில்லை). ஆனால் அந்த ஒரே சொல் துணி வெளுப்பதையும் குறிக்கும், சாயம் இறங்குவதையும் குறிக்கும். எங்கள் லேப் ரிப்போர்ட்டில் இவை இரண்டும் தனித்தனி. நிற மாற்றத்தை ஒப்பிட்டுப் பார்க்கிற கிரே ஸ்கேலில் 1 முதல் 5 வரை மதிப்பெண். துணி எவ்வளவு வெளுத்தது என்பதற்கு ஒன்று, பக்கத்துத் துணியில் எவ்வளவு ஒட்டியது என்பதற்கு இன்னொன்று. ஸ்பெயினிலிருந்து ‘தெஸ்தீஞே’ என்று ஒற்றைச் சொல்லில் ஒரு புகார் வந்தது. நான் வெளுத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, அந்த மதிப்பெண் நன்றாகத்தானே இருக்கிறது என்று பதில் போட்டேன். அவர்கள் சொன்னது கழுத்துப் பட்டையின் சிவப்பு வெள்ளை உடம்பில் இறங்கியதை. ஒரு வாரம் வீணாகப் போயிற்று. இப்போதெல்லாம் ‘மான்ச்சா’, கறை படிகிறதா, என்று சேர்த்துக் கேட்டுவிடுகிறேன்.

சாயம் என்று எழுதும்போதெல்லாம் நொய்யல் ஆறுதான் கண்ணில் வருகிறது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது அப்பா பட்டறை வேலையில் இருந்தார். ஆறு மட்டும் மூன்று மொழியிலும் ஓடத்தான் செய்கிறது. அங்கே கொர்ரேர் என்றே தைரியமாகப் போடலாம்.

உங்களுக்கு இந்தச் சொல்லோடு நேர்ந்ததை எழுதுங்களேன்.


கரூர், வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி:

அக்கா, நாங்கள் டேபிள் ரன்னர் நெய்து அனுப்புகிறவர்கள். மேசையில் நீளவாக்கில் விரிப்பார்களே, அந்தத் துணி. முதல் பேக்கிங் லிஸ்டில் ‘கொர்ரெதோர் தெ மேஸா’ என்று நான் போட்டேன். கொர்ரெதோர் என்றால் ஓட்டக்காரர், வீட்டு நடைவழி, தரகர் என்று மூன்று பொருள். அவர்கள் இந்தத் துணிக்குச் சொல்வது ‘கமினோ தெ மேஸா’. கமினோ என்றால் பாதை. மேசைக்கு ஒரு பாதை! தறியில் நீளமாக இறங்குகிற துணியைப் பார்த்தால் அந்தப் பெயர்தான் சரி என்று எனக்கும் படுகிறது.

நாம் சாதாரணமாகச் சொல்லுகிற ரன்னிங் மீட்டரும் அங்கே ஓடாது. ‘மெத்ரோ லினேயால்’, நேர்கோட்டு மீட்டர். விலைப்பட்டியலில் இதைத் தப்பாகப் போட்டால் சதுர மீட்டரா நீள மீட்டரா என்று குழம்பி, கணக்கே மாறிவிடும். இது பேச்சுத் தப்பு அல்ல, பணத் தப்பு. புதிதாக வருகிற பையன்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.


கோவை, பம்ப் கம்பெனி சர்வீஸ் பிரிவு:

திருப்பூர் அம்மணி சொன்ன கட்டிங் மாஸ்டர் வழி எனக்குப் பிடித்தது. ஆனால் முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லைங்க. என்னைத் தடுக்கிவிட்டதே தமிழ்தான்.

எங்கள் தோட்டம் சூலூர்ப் பக்கம். சின்ன வயதிலிருந்து காதில் விழுந்தது “மோட்டார் ஓடுதா?” என்ற கேள்விதான். மோட்டார் ஓடும், மெஷின் ஓடும், கடிகாரம் ஓடும், படம் நூறு நாள் ஓடும். ஆங்கிலத்திலும் இவற்றில் பலவற்றுக்கு ‘ரன்’தான். அதனால் இரண்டு மொழியும் ஒத்துப்போகிறதே, மூன்றாவதும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன். இந்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்கிறேன்.

பெருவுக்குப் போகிற பம்புக்கு மேனுவல். அதில் முக்கியமான எச்சரிக்கை, தண்ணீரில்லாமல் பம்பை ஓட்டாதே என்பது. இது சடங்குக்கு எழுதுகிற வரி அல்ல. தண்ணீர் இல்லாமல் ஓடினால் தண்ணீர் கசியாமல் தடுக்கிற மெக்கானிக்கல் சீல் சூடேறிக் கருகிவிடும். தண்ணீருக்குள் மூழ்கி இயங்குகிற சப்மெர்சிபிளில் மோட்டாரைக் குளிர வைப்பதே சுற்றியுள்ள தண்ணீர்தான். ஸ்பானிஷ் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாங்கிய வாசகத்தில் ‘நோ கொர்ரா லா போம்பா’ என்று இருந்தது. நான் ஒவ்வொரு சொல்லாக அகராதியில் பார்த்தேன். கொர்ரேர், ஓடு. போம்பா, பம்ப். சரி, அச்சுக்குப் போகட்டும் என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

கொர்ரேருக்கு இன்னொரு பொருள் உண்டு என்று அப்போது எனக்குத் தெரியாது. நாற்காலியைத் தள்ளிப் போடுவதும், திரைச்சீலையை இழுத்து விடுவதும் அவர்களுக்குக் கொர்ரேர்தான். அங்கே பம்பைப் பொருத்திய மெக்கானிக், ‘பம்பை இடம் மாற்றாதே’ என்று படித்திருக்கிறார். பம்பை இடம் மாற்றவே இல்லை. தொட்டியில் தண்ணீர் வற்றிய பிறகும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சீல் போனது. மேனுவலில் சொன்னபடிதானே செய்தேன் என்று அவர் டீலரிடம் சொன்னபோது எங்களிடம் பதில் இல்லை. இதை இன்னும் நான் மறக்கவில்லை. ஒரு வினை தப்பினால் நல்ல பம்பும் நல்ல மெக்கானிக்கும் கெட்ட பேர் வாங்குகிறார்கள்.

சரியான வாசகம் இது: ‘நோ ஆகா ஃபுன்சியோனார் லா போம்பா என் ஸேக்கோ’. பம்பை உலர்வாக இயங்க வைக்காதே. ஃபுன்சியோனார் என்றால் இயங்குவது, என் ஸேக்கோ என்றால் ஈரமில்லாமல்.

அப்புறம்தான் மற்ற வாசகங்களையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தேன். மெஷினைத் துவக்குவதற்கு ‘போனேர் என் மார்ச்சா’. மார்ச்சா என்றால் நடை. நடையில் வைப்பது. வண்டியோ கடிகாரமோ ஓடவில்லை என்றால் ‘நோ அந்தா’ என்பார்கள். அந்தார் என்றால் நடப்பது. நம் மெஷின் ஓடுகிறது, அவர்கள் மெஷின் நடக்கிறது. அதனால் கட்டிங் மாஸ்டரிடம் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் ‘ஓடுது’ என்று சொன்னால் மட்டும் இன்னொரு தடவை யோசியுங்கள்.


உடுமலை, இப்போது ஸ்பெயினில் வாலென்சியாவில் படிக்கிறேன்:

எனக்கு நடந்தது மருந்துக்கடையில். இங்கே மருந்துக்கடைக்குப் பச்சைச் சிலுவை விளக்குதான் அடையாளம். வந்த முதல் குளிர்காலம், மூக்கு நிற்காமல் ஒழுகியது. ஆங்கிலத்தில் மூக்கு ‘ரன்’ ஆகும். நான் அதை அப்படியே திருப்பி, என் மூக்கு ஓடுகிறது என்றேன். கடைக்கார அம்மா ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘லே கோத்தேயா லா நாரித்?’ என்று மெதுவாகத் திருப்பிக் கேட்டார். கோத்தா என்றால் சொட்டு. மூக்கு சொட்டுகிறதா என்கிறார். ஒழுகுவதற்கு அது எவ்வளவு பக்கம்! ஆங்கிலத்தில் காய்ச்சலுக்கும் ‘ரன்’ வரும். ஸ்பானிஷில் அது கிடையாது, காய்ச்சல் ஒருவரிடம் இருக்கிற ஒன்று. ‘தெங்கோ ஃபியெப்ரே’, என்னிடம் காய்ச்சல் இருக்கிறது.

அடுத்து அவர் ‘கொன்ஸ்திபாதா’வா என்று கேட்டார். மலச்சிக்கலைக் கேட்கிறார் என்று நினைத்து வேகமாக இல்லை இல்லை என்றேன். ஸ்பெயினில் அதற்குச் சளி பிடித்திருக்கிறது என்று பொருள். மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அக்காவுக்கு ஒரு எச்சரிக்கை. சாயம் ஓடுவதற்கு ‘ஸே கொர்ரே’ என்றும் சொல்வார்கள், துணியைப் பற்றி என்றால் தப்பில்லை. ஆனால் அந்த வினையின் இதே உருவத்தை ஸ்பெயினில் மனிதர்களைப் பற்றிச் சொன்னால் சபையில் பேசக் கூடாத பொருள் வந்துவிடும். தெஸ்தெஞிரே இருக்கட்டும்.


கோபி, ஓய்வுபெற்ற தமிழாசிரியை:

என் மகள் குடும்பம் மெக்சிகோவில் இருக்கிறது. பேத்தி பள்ளியில் பேசுவது ஸ்பானிஷ். அவளோடு பேசுவதற்காகவே அறுபத்து மூன்று வயதில் படிக்க ஆரம்பித்தேன்.

ஒரு நாள் வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போது அடுக்களையிலிருந்து கத்தினாள்: ‘ஸே நோஸ் அக்கபோ எல் அஸூகார்!’ ஆங்கிலத்தில் இதற்கும் ‘ரன் அவுட்’தான். சர்க்கரையிடமிருந்து நாம் ஓடி வெளியே வந்துவிட்ட மாதிரி. பேத்தி சொன்னதைத் தமிழில் வைத்துப் பார்த்தேன்: ‘நமக்குச் சர்க்கரை தீர்ந்துபோச்சு.’ அக்கபோ, தீர்ந்தது. நோஸ், நமக்கு. நான்காம் வேற்றுமை அப்படியே உட்கார்ந்திருக்கிறது! தீர்ந்தது சர்க்கரை, பாதிப்பு நமக்கு. நாம் ஒன்றும் செய்யவில்லை. முப்பது வருடம் வகுப்பில் ‘கு’ உருபை நடத்தியிருக்கிறேன், கடல் தாண்டிப் போய் அதன் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. “அம்மாயி, ஏன் அழறீங்க?” என்று அவள் கேட்டாள். அழவில்லை கண்ணு, சந்தோஷம் என்றேன்.

எனக்குத் தலை வலிக்கிறது, எனக்குப் பிடிக்கிறது என்பவையும் அங்கே இதே அமைப்புத்தான்: ‘மே துவேலே லா கபேஸா’, ‘மே குஸ்தா’. ஆங்கிலம் வழியாகப் போகிறவர்களுக்கு இந்த இடம் கடினம். நமக்குப் பழகிய தடம்.

கோவைத் தம்பி சொன்னதும் நியாயம்தான். அதோடு இதையும் பாருங்கள்: கம்பெனி ‘ரன்’ பண்ணுவதை நாம் ஓட்டுகிறோம் என்பதைவிட நடத்துகிறோம் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறோம். நடத்து என்றால் நடக்க வை. அவர்கள் அங்கே ‘யெவார்’ என்கிறார்கள், கொண்டுசெல்வது, தாங்கிச் செல்வது. மெஷின் நமக்கு ஓடுகிறது, தொழில் நமக்கு நடக்கிறது. அவர்களுக்கு மெஷின் நடக்கிறது, தொழிலை அவர்கள் சுமக்கிறார்கள்.


திருப்பூர், பின்னலாடை மெர்ச்சண்டைசர்:

அம்மா, நீங்கள் எழுதியதை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். “நமக்கு நூல் தீந்துபோச்சு”ன்னு நாங்க தினமும் சொல்றதுதானே அது என்று டெய்லர் அக்கா ஒருவர் கேட்டார். ஆமாங்க்கா, ‘ஸே நோஸ் அக்கபோ எல் ஈலோ’ என்றேன். அவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், நன்றாகவே வந்தது.

கோவை அண்ணா, உங்கள் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். இனிமேல் தமிழில் சொல்லிப் பார்ப்பதோடு நிற்காமல், வரும் ஸ்பானிஷ் வாக்கியத்தைத் திரும்பத் தமிழாக்கியும் பார்க்கப் போகிறேன். ‘நோ கொர்ரா லா போம்பா’வை அப்படித் திருப்பியிருந்தால் அந்தத் தள்ளுகிற பொருள் முதலிலேயே மாட்டியிருக்கும்.

சிவப்பு டி-ஷர்ட் மறு ஆர்டர் வந்திருக்கிறது. லேபிளில் இந்தத் தடவை இப்படிப் போட்டிருக்கிறேன்: ‘புவேதே தெஸ்தெஞிர். லாவார் போர் ஸெபராதோ.’ சாயம் போகலாம், தனியாகத் துவைக்கவும். வாலென்சியாத் தங்கச்சி, நாளை காலை அச்சுக்குப் போகிறது. அதற்குள் ஒரு தடவை பார்த்துச் சொல்லிவிடும்மா.